துவர்ப்பு குடலுக்குள் போய் என்ன செய்கிறது?

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் மே மாதம் தள்ளுவண்டியில் விற்கிற பெங்களூரா மாங்காயைத் தோலோடு கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வாங்கித் தின்றிருப்பீர்கள். முதலில் புளிப்பு, அப்புறம் காரம், அதெல்லாம் அடங்கின பிறகு தோல் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு துவர்ப்பு கிளம்பி நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் பிடித்து இழுக்கும். எச்சில் வழவழப்பாக இருப்பது அதிலுள்ள புரதங்களால். மாங்காய்த் தோலில் இருக்கும் டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது, வழவழப்பு போய் வாய் சொரசொரக்கிறது. பாக்கு, கடுக்காய், நெல்லிக்காய், வாழைப்பூ, மாதுளைத் தோல், பால் ஊற்றாத டீ என்று எதைக் கடித்தாலும் குடித்தாலும் நாக்கைப் பிடிப்பது இந்த வகைப் பொருட்கள்தான். வேதியியலில் இவை பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. டப்பாவில் அடைத்து ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று இன்று விற்கிறார்களே, அதில் நிறைய இந்தக் குடும்பத்துச் சரக்கு. எல்லா பாலிஃபீனாலும் துவர்க்காது, மஞ்சளில் இருக்கும் குர்குமின் அப்படித் துவர்ப்பதில்லை. ஆனாலும் துவர்ப்பை வைத்து ஆரம்பித்தால் விஷயம் சுலபமாகப் பிடிபடும்.

இதையெல்லாம் நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் அண்ணி. அவர்களுக்கு மலத்தில் ரத்தம் வர ஆரம்பித்து இரண்டு வருடம் வரை அது மூலம் என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். “ஏம்மா, நாள் பூரா தக்காளித் தோட்டத்துல நின்னா சூடு பிடிக்கத்தானே செய்யும், மோர் குடி” என்று அம்மா சொல்வார்கள். மூலத்துக்கு என்று ஒருவர் களிம்பு கொடுத்தார், இன்னொருவர் ஊசி போட்டார். ஒரு நாளைக்குப் பத்து முறை போக ஆரம்பித்து, உடம்பு இளைத்து, தலைசுற்றி விழுந்த பிறகுதான் பெரிய மருத்துவமனையில் கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டு, செய்து பார்த்தார்கள். அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவர் அழற்சி கண்டு புண்ணாகிக் கிடக்கிற நோய். மருந்து கொடுத்தார்கள், அடங்கியது. அடங்கியதும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், அதில் ஒன்றைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கடுக்காய்ப் பொடியை மட்டும் சாப்பிட்டார்கள், மறுபடி படுக்கையில் விழுந்தார்கள். கடுக்காய் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அது என்ன செய்யும், எங்கே செய்யும், எது அதனால் முடியாது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ‘வயிற்றுப்புண்’, ‘குடல்புண்’, ‘அல்சர்’ எல்லாம் ஒரே அர்த்தத்தில் புழங்குகின்றன. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் வருகிற புண்ணுக்குக் காரம், கவலை, பட்டினி இவைதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா அதற்கு முக்கியக் காரணம் என்று 1980களில் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள், 2005இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார்கள். இன்னொரு முக்கியக் காரணம் வலி மாத்திரை. தர்மபுரிப் பக்கம் இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்கள் இங்கே நிறைய, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வருடக்கணக்காக அந்தத் தண்ணீரைக் குடித்து முட்டியும் முதுகும் இறுகிப்போனவர்கள் கடையில் சில்லறைக்கு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். இரைப்பையை மட்டும் இல்லாமல் சிறுகுடலையும் அந்த மாத்திரை புண்ணாக்கும். இந்தப் புண்ணுக்கு மாத்திரையை விடுவதும், கிருமி இருந்தால் கிருமிக்கு மருந்து சாப்பிடுவதும்தான் முக்கியமான வழி. அல்சரேட்டிவ் கொலைடிஸ், கிரோன்ஸ் என்பவை வேறு ரகம். உடம்பின் பாதுகாப்புப் படையே குடல்சுவர் மேல் பாய்ந்து ஓயாமல் சண்டை போடுகிற நோய் அவை. கொலைடிஸ் பெருங்குடலோடு நிற்கும், கிரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும், சுவரின் முழு ஆழத்துக்கும் போகும். போதாததற்குக் குடல் காசநோயும் அமீபாத் தொற்றும் நம் நாட்டில் இதே மாதிரி வேஷம் போடும். அதனால் ரத்தம் போனால் கேமரா விட்டுப் பார்க்காமல் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இப்போது குடல்சுவருக்கு வருவோம். பெருங்குடலின் உள்பக்கம், உணவுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு அடுக்கு செல்கள்தான். பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் புரதங்கள் இறுக்கித் தைத்து வைத்திருக்கின்றன, அந்தத் தையல் மேல் கோழைப் படலம் ஒன்று மெழுகி வைத்த மாதிரி கிடக்கிறது, அதற்கு மேலேதான் பாக்டீரியாக்களின் ஊரே இருக்கிறது. இந்தச் செல் அடுக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை முழுசாகப் புதுப்பித்துக்கொள்கிறது. குடல் ஆறுவது என்றால் இந்த அடுக்கு மறுபடி இடைவெளி இல்லாமல் பரவி, தையல் இறுகி, கோழை திரும்ப ஊறுவதுதான்.

அழற்சி வந்தால் என்ன ஆகிறது என்றால், தையல் விட்ட இடத்தில் பாக்டீரியா உள்ளே எட்டிப் பார்க்கிறது, உடனே ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அவை கிருமியைக் கொல்லக் கையில் எடுக்கிற ஆயுதம் ஆக்ஸிஜனின் முரட்டு வடிவங்கள், சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, அப்புறம் ஹைப்போகுளோரஸ் அமிலம். கடைசியாகச் சொன்னது ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்ததும் உண்டாகிற அதே சாமான்தான். யோசித்துப் பாருங்கள், குடலுக்குள்ளே நம் சொந்த அணுக்களே பிளீச்சிங் தெளிக்கின்றன. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் கிருமி செத்து சண்டை முடிந்துவிடும். மாதக்கணக்கில் தெளித்தால் பக்கத்துச் செல்களின் கொழுப்பும் புரதமும் டிஎன்ஏவும் சேர்ந்து வேகின்றன, தையல் இன்னும் விடுகிறது, இன்னும் பாக்டீரியா உள்ளே வருகிறது, இன்னும் படை வருகிறது. அண்ணிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலத்தில் கால்புரொடெக்டின் என்று ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்களே, அது இந்த நியூட்ரோஃபில்கள் விட்டுப்போகிற புரதம்தான். எத்தனை பேர் சண்டைக்கு வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிற கணக்கு.

இவ்வளவு தெரிந்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான். ஆக்ஸிஜன் எரிக்கிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் அணைக்கும், ஆகவே நிறையச் சாப்பிட்டால் நல்லது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்தக் கதை அப்படியே நிற்கவில்லை. பிறவியிலேயே இந்த முரட்டு ஆக்ஸிஜனைத் தயாரிக்க முடியாத வெள்ளை அணுக்களோடு பிறக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். எரிப்பதற்கு ஆயுதமே இல்லை என்றால் அவர்கள் குடல் அமைதியாக இருக்க வேண்டும் இல்லையா? நடப்பது நேர்மாறு, அவர்களில் கணிசமானவர்களுக்கு கிரோன்ஸ் மாதிரியே குடல் அழற்சி வருகிறது. புண் ஆறுகிறபோது ஓரத்துச் செல்கள் நகர்ந்து வந்து மூட வேண்டும் என்று சைகை கொடுப்பதிலும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடுக்குப் பங்கு உண்டு. அடுப்பில் தீ தேவைதான், கூரையில்தான் அது இருக்கக் கூடாது.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 1994இல் வந்தது, பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி என்று சோதனைக் குழாயில் அளந்து மார்க் போட்ட ஒரு பட்டியலை அமெரிக்க விவசாயத் துறை வைத்திருந்தது, 2012இல் அதை அவர்களே எடுத்துவிட்டார்கள். குழாயில் வாங்கின மார்க்குக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பது காரணம். இன்னமும் அந்த மார்க்கைக் காட்டித்தான் பொடி விற்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

அப்படியானால் செடிகளின் இந்தப் பொருட்களால் பயனே இல்லையா? இருக்கிறது. குடலைப் பொறுத்தவரை நிறையவே இருக்கிறது, ஆனால் பாதை வேறு.

நாம் சாப்பிடுகிற பாலிஃபீனாலில் பெரும்பங்கு, பத்தில் ஒன்பது பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், சிறுகுடலில் உறிஞ்சப்படுவதே இல்லை. ரத்தத்துக்குப் போகிற துளியையும் கல்லீரல் உருமாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. ரொம்ப நாள் இதை ஒரு குறையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். பெருங்குடல்காரருக்கு இது குறையே இல்லை! உறிஞ்சப்படாததெல்லாம் நேரே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது, புண் இருக்கிற இடத்துக்கே. ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியில் அங்கே அது இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு நம் பாட்டிமார் கொய்யாக் கொழுந்தையும் மாதுளைத் தோலையும் அரைத்துக் கொடுத்தது இந்த இடத்தில் வந்து பொருந்துகிறது. வாயில் எச்சில் புரதத்தைப் பிடித்த அதே டானின் குடலில் கோழைப் புரதத்தோடு சேர்ந்து ஒரு படலமாக உட்காருகிறது. ஜெலட்டினோடு டானினைச் சேர்த்துப் பேதிக்கு மருந்தாகவே பல நாடுகளில் விற்கிறார்கள்.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் ஆச்சரியமானது. பெருங்குடலுக்கு வந்த பாலிஃபீனாலை அங்குள்ள பாக்டீரியாக்கள் சும்மா விடுவதில்லை, அறுத்து, உடைத்து, வேறு பொருளாக்குகின்றன. மாதுளையில் எலாஜிடானின் என்ற பெரிய மூலக்கூறு இருக்கிறது, நெல்லிக்காயிலும் கடுக்காயிலும் அந்தக் குடும்பம் உண்டு. சில பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்துக் கடைசியில் யூரோலித்தின் ஏ என்ற சின்ன மூலக்கூறாக ஆக்குகின்றன. பெங்களூரில் இருக்கிற இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிலையமும் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2019இல் வெளியானது, இந்த யூரோலித்தின் ஏ எலிகளின் குடல்சுவரில் அந்தத் தையல் புரதங்களை அதிகமாக உண்டாக்க வைத்து, கசிவைக் குறைத்து, கொலைடிஸைத் தணித்தது என்று காட்டினார்கள். ஓசூருக்குப் பக்கத்து ஊரில் நடந்த வேலை இது. ஆனால் ஒரு சிக்கல், எல்லோருடைய குடலிலும் அந்த வேலையைச் செய்கிற பாக்டீரியா இருப்பதில்லை. ஒரே மாதுளையை இரண்டு பேர் உரித்துத் தின்றால் ஒருவர் குடலில் யூரோலித்தின் ஏ ஊறும், மற்றவர் குடலில் ஊறாது. “எனக்குக் கேட்டுச்சு, உனக்கு ஏன் கேக்கல” என்று சண்டை போட்டுக்கொள்கிற இடத்தில் பாதி இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, செல்லுக்குள் நடப்பது. செடி இந்தப் பொருட்களை நமக்காகச் செய்வதில்லை, தன்னைத் தின்ன வருகிற பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டச் செய்கிறது. நம் செல்லுக்கும் இவை லேசான எரிச்சல்தான். அந்த எரிச்சல் பட்டதும் செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்ற புரதம் கட்டவிழ்ந்து மரபணுக்கள் இருக்கிற உட்கருவுக்குள் ஓடி, செல்லின் சொந்தப் பாதுகாப்புச் சரக்கை, குளூட்டாதயோன் மாதிரியானவற்றை, அதிகமாகத் தயாரிக்கச் சொல்கிறது. அதே நேரம் என்எஃப் கப்பா பி என்கிற இன்னொரு புரதம், அழற்சிக்குத் தண்டோரா போடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் குரல் கொஞ்சம் அடங்குகிறது. ஆக இந்தப் பொருள் தானே போய் நெருப்பை அணைப்பதைவிட, வீட்டுக்காரரை எழுப்பித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைக்கச் சொல்வதுதான் அதிகம்.

இனி நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளைகிற மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் முன்னால் நிற்கின்றன, 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கிற திட்டத்தை நீலகிரியிலும் தர்மபுரியிலும்தான் முதலில் ஆரம்பித்தார்கள். ராகியின் அந்தச் செம்பழுப்பு நிறம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு பிடி ராகியை நனைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், உள்ளே மாவு வெள்ளையாக இருக்கும், நிறம் முழுக்க மேல்தோலில். பாலிஃபீனாலும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் மெஷினில் அரைத்துக் கொண்டு வந்து மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கோழிக்குப் போட்டுவிட்டால் கால்சியத்தில் ஒரு பகுதியும் இந்தச் சரக்கில் பெரும்பகுதியும் கோழிக்குத்தான் போகிறது. வெள்ளை ராகி என்று ஒரு ரகம் உண்டு, பார்க்க அழகு, ஆனால் இதில் அது பின்தங்கிய ரகம்.

ராகியின் பாலிஃபீனாலில் முக்கியமான ஒன்று ஃபெருலிக் அமிலம். அதில் நிறையப் பங்கு நார்ச்சத்தோடு ஒட்டிப் பிணைந்து கிடக்கிறது. நம் செரிமான நீரால் அதைப் பிரிக்க முடியாது, நார் அதைச் சுமந்துகொண்டு பெருங்குடல் வரை வந்துவிடுகிறது, அங்கே பாக்டீரியா நாரைத் தின்னும்போது ஃபெருலிக் அமிலம் அவிழ்ந்து புண் பக்கத்திலேயே விழுகிறது. நாரைத் தின்ற பாக்டீரியா பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைக் கழிக்கிறது, பெருங்குடல் செல்களுக்கு அதுதான் பிரதான ஆகாரம். ஒரு வண்டியில் மருந்தும் சாப்பாடும் சேர்ந்து வருகிற மாதிரி. இதை ஒரு மாத்திரையாகச் செய்ய நினைத்தால்கூட இவ்வளவு ஒழுங்காக வருமா என்று தெரியவில்லை, களியைத் துடுப்பால் கிண்டுகிற அம்மாவின் கைக்கு இது சாதாரணமாக வருகிறது. முந்தின நாள் கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சுகிற கூழில் இன்னொரு நன்மை, தாதுச்சத்தைப் பிடித்துவைக்கிற ஃபைட்டேட் என்ற பொருள் புளிப்பில் குறைகிறது, இரும்பும் துத்தநாகமும் உடம்பில் கொஞ்சம் கூடுதலாகச் சேர்கின்றன. முளைகட்டினாலும் அப்படியே, ஆனால் முளைகட்டும்போது டானினும் சேர்ந்து குறையும்.

மாம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் கிருஷ்ணகிரியைத் தாண்ட முடியாது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் குடல் அழற்சி நோயாளிகளுக்கு அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற மருந்தோடு சேர்த்து தினமும் 200 முதல் 400 கிராம் மாம்பழச் சதை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2020இல் வந்தது. நோயின் தீவிரத்தை அளக்கிற மதிப்பெண் இறங்கியது, ரத்தத்தில் நியூட்ரோஃபிலை அழைக்கிற ஐஎல்-8 என்ற சைகைப் பொருள் குறைந்தது, மலத்தில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா கூடியது. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் சின்ன முன்னோட்டச் சோதனை அது, மாம்பழம் சாப்பிடாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. அதை வைத்து மாம்பழம் கொலைடிஸைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாப்பிட்டவர்களுக்கு மோசமாகவில்லை, நல்ல திசையில் அசைந்தது என்பது வரை சொல்லலாம், பல வருடம் மாம்பழத்தைச் ‘சூடு’ என்று ஒதுக்கி வைத்த எங்கள் வீட்டுக்கு அதுவே பெரிய செய்தி.

தோலில்தான் சதையைவிட அதிகச் சரக்கு. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 2007 வாக்கில் மாந்தோலைச் சோதித்து, பாலிஃபீனாலும் கரோட்டினாய்டும் நாரும் அதில் நிறைய இருப்பதைக் காட்டினார்கள், தோல் பொடியைப் பிஸ்கெட் மாவில் கலந்தும் பார்த்தார்கள். நம் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தோலும் கொட்டையும் மலையாகக் குவிந்து புளித்து ஈ மொய்த்துக் கிடக்கும், அந்த வழியாகப் பைக்கில் போனவர்களுக்கு வாசனை தெரியும். ஆனால் பூச்சிமருந்து படுவதும் முதலில் தோலில்தான். தோலோடு தின்பதானால் நன்றாகக் கழுவித் தின்ன வேண்டும், கல் வைத்துப் பழுக்க வைத்த பழமாக இருந்தால் தோல் பக்கமே போக வேண்டாம்.

மஞ்சளில்தான் சோதனைகள் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் மஞ்சள் வெட்டி வேகவைத்துக் காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் மேல் ஒரு நம்பிக்கை உண்டு, அது வீணான நம்பிக்கை இல்லை. ஜப்பானில் 2006இல் வெளியான சோதனையில், நோய் அடங்கியிருந்த 89 கொலைடிஸ் நோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு ஒரு பாதிக்கு தினமும் 2 கிராம் குர்குமின், மறு பாதிக்கு குர்குமின் இல்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் குர்குமின் பக்கம் நோய் திரும்பியது 5 சதவீதத்துக்கும் கீழே, மறுபக்கம் 20 சதவீதம். 2015இல் வந்த இன்னொன்றில், கொலைடிஸுக்கு வழக்கமாகக் கொடுக்கிற மெசலமைன் என்ற மருந்து மட்டும் கேட்காத நோயாளிகளுக்கு தினமும் 3 கிராம் குர்குமின் சேர்த்துக் கொடுத்ததில் ஒரே மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது, போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட அடங்கவில்லை. ஆனால் டெல்லி எய்ம்ஸில் தினமும் 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள், போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இந்த அளவுகளைச் சமையலறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 3 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் 100 கிராம் மஞ்சள் தூள் ஒரே நாளில் தின்ன வேண்டும், நடக்கிற காரியமா அது? நாம் குழம்பில் போடுகிற ஒரு ஸ்பூன் ஒரு வீட்டுக்கே, எய்ம்ஸில் போதாது என்று கண்ட அளவுக்கும் ரொம்பக் கீழே. குழம்பு மஞ்சள் குழம்புக்கு நல்லது, கொலைடிஸுக்கு மருந்தாகாது. சரி, கேப்சூல் வாங்கிக்கொள்ளலாம் என்றால் அங்கே வேறு வம்பு. மிளகில் இருக்கும் பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் ரத்தத்தில் இருபது மடங்கு கூடுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து பல கேப்சூல்களில் மிளகுச் சத்து சேர்க்கிறார்கள். பெருங்குடல் புண்ணுக்கு ரத்தத்தில் ஏற வேண்டிய அவசியமே இல்லை, அங்கே நேரே போய்ச் சேருவதுதான் வேண்டும். ரத்தத்தில் அதிகம் ஏறுகிற வகைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒவ்வொரு நாளும் போனில் வருகிற வீடியோக்களில் ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்கிறார்களே, அதில் பெரும்பாலானவை எலி ஆராய்ச்சி. டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் என்ற ரசாயனத்தை ஒரு வாரம் குடிதண்ணீரில் கலந்து எலிக்குக் கொடுத்தால் குடல் புண்ணாகும், சாற்றையோ பொடியையோ கூடவே அல்லது முன்கூட்டியே கொடுத்துப் புண் குறைகிறதா என்று பார்ப்பார்கள். தண்ணீரை மாற்றினால் அந்த எலி தானாகவே தேறிவிடும். மனிதனுக்கு வருகிற நோய் அப்படித் தண்ணீர் மாற்றினால் போகிற நோய் இல்லை. மணத்தக்காளிக்கும் நெல்லிக்காய்க்கும் மாந்தளிருக்கும் இருக்கிற சான்றுகளில் நிறைய இந்த மட்டத்தில்தான் நிற்கின்றன. பொய் என்று அர்த்தமில்லை, பாதி வழியில் நிற்கின்றன.

கடுக்காய்க்கு வருகிறேன். டானின் நிறைந்த காய், எலாஜிடானினும் உண்டு, மேலே சொன்ன கணக்குப்படி நல்ல சரக்கு. ஆனால் கடுக்காயை நம் ஊரில் எதற்குக் கொடுக்கிறோம்? மலம் இளக. நாளைக்குப் பத்து முறை போய் அப்போதுதான் அடங்கின குடலுக்கு அதைத் தினமும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அண்ணி விஷயத்தில் யாருமே யோசிக்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, அதை நம்பி மாத்திரையை நிறுத்தியது. நான் மேலே எழுதின ஜப்பான் சோதனை, 2015 சோதனை, மாம்பழச் சோதனை எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள், எல்லாமே மருந்தோடு சேர்த்துக் கொடுத்தவை, மருந்துக்குப் பதிலாக ஒன்றுகூட இல்லை.

‘இயற்கை’ என்றால் ஆபத்தே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீலச்சாயச் செடிகளிலிருந்து எடுக்கிற ஒரு சீனப் பொடி கொலைடிஸுக்கு ஜப்பானில் நன்றாக வேலை செய்தது, சோதனையில் பத்தில் ஏழு எட்டுப் பேருக்குக் குறைந்தது. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிவிட்டது என்று தெரிந்து அரசாங்கமே எச்சரிக்க வேண்டி வந்தது. அவுரியும் நீலச்சாயச் செடிதான், அதன் இலைப் பொடியைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

நோய் கொழுந்துவிட்டிருக்கும் நாட்களும் அடங்கின நாட்களும் ஒன்றில்லை என்பதையும் மறக்க வேண்டாம். கொழுந்துவிட்ட நாளில் குடலுக்கு வேண்டியது ஓய்வு. தோலோடு மாங்காய், வேகாத காய், சலிக்காத ராகி, கொள்ளு எல்லாம் அப்போது வேண்டாம், குழைந்த சோறும் மோரும் இட்லியும் போதும். கிரோன்ஸில் குடல் சுருங்கிப்போன இடம் இருந்தால் நாரும் தோலும் அங்கே போய் அடைத்துக்கொள்ளும், அது அவசர அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். அடங்கின பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், முதலில் தெளிந்த கூழ், அப்புறம் மெத்தென்ற களி, தோலுரித்த பழம்.

அப்புறம் இரும்பு. ரத்தம் போகிறவர்களுக்கு ரத்தசோகை இருக்கும், இரும்பு மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். வாயில் புரதத்தைப் பிடிக்கிற டானின் குடலில் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். டீயோடு சாப்பிட்டால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, ராகியும் தன் பங்குக்குத் தடுக்கும். அண்ணி காலையில் களியும் சாப்பிட்டு, டீயும் குடித்து, அதோடு இரும்பு மாத்திரையும் போட்டுக்கொண்டு ஆறு மாதமாக ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், ஒரு எலுமிச்சம்பழச் சாற்றோடு மாற்றிக்கொண்டோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பத்தரை.

இந்த வருடம் மாம்பழக் காலத்தில் அவர்கள் கால்புரொடெக்டின் முடிவு வந்த பிறகுதான் பழத்தைத் தொட்டார்கள். முதல் நாள் செந்தூரா இரண்டு துண்டு, தோல் சீவி. ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை என்றதும் தினமும் ஒரு பழம். மெசலமைன் மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது, காலையில் கூழ் கரைக்கும்போது கண்ணில் பட வேண்டும் என்று அவர்களே அங்கே வைத்துக்கொண்டார்கள்.